ஒன்றரைக் கிராமுக்கும் குறைந்த விமானம்

1930-ஆம் ஆண்டு அக்டோபரில் பிரான்ஸ் தேசத்து மண்ணில் விழுந்து எரிந்த ஆர் 101 என்னும் ஆகாயக் கப்பலை உருவாக்கிய, இங்கிலாந்தின் கார்டிங்டன் ஊரிலுள்ள பிரம்மாண்டமான கொட்டகையில், பிற்காலத்தில் நமது ஒரு ரூபாய் நாணயத்தின் பாதி எடைகூட இல்லாத விமானங்கள் பறந்தன என்பது விசித்திரமே. வெளியே வீசும் இளங்காற்றுக்கும் தாங்காத இவற்றுக்கு அசைவற்ற காற்றும் உயர்ந்த கூரையும் வேண்டும். ருமேனியாவின் ஸ்லானிக் உப்புச் சுரங்கத்தில் உலகப் போட்டிகள் நடைபெறுவதும் இக்காரணம் பற்றியே.

1871-இல் பாரிஸின் டுயிலெரி தோட்டத்தில், அல்போன்ஸ் பேனோ என்பவர், முறுக்கிய ரப்பரால் இயங்கிய சிறு விமானமொன்றைப் பதினொரு விநாடிகள் பறக்கவிட்டார். இன்று எஃப்1டி என்ற போட்டி வகையில் இறக்கையின் நீளம் 55 சென்டிமீட்டருக்கு மிகக்கூடாது. ரப்பர் நீங்கலாக எடை 1.4 கிராமுக்குக் குறையக்கூடாது, ரப்பரோ 0.4 கிராம்தான். அந்த அற்ப ரப்பரைக் கொண்டே இருபது நிமிடங்களுக்கு மேலும் பறக்கவிடுகிறார்கள்!

இறக்கையின் பரப்பு மாறாதிருக்க, எடை பாதியானால், பறப்பதற்கு வேண்டிய சக்தி ஏறத்தாழ மூன்றிலொரு பங்காகிவிடும்; சுமையோடு வேகமும் குறைவதே காரணம். ஆயினும், குறைந்தபட்ச எடையை விதியே நிர்ணயித்துவிட்டபடியால், அந்த 1.4 கிராமை எங்கெங்கே வைப்பது என்பதில்தான் சாமர்த்தியமெல்லாம் அடங்கியிருக்கிறது. எக்வடாரில் விளையும் பால்சா மரத்தில், நீரின் எடையில் பத்திலொரு பங்கும் இல்லாத பலகைகளைத் தேடி, ஒவ்வொன்றையும் நிறுத்து, வளைத்துப் பார்த்து, எளிதில் வளையும் நாருள்ளதை உடற்குழாய்க்கும், வளைய மறுப்பதை இறக்கையின் விலாக்களுக்குமாகப் பிரித்து வைக்கும் பொறுமை, கட்டும் வேலையில் பாதி. முன்னாளில் நைட்ரோசெல்லுலோஸ் கரைசலை நீரின்மேல் ஊற்றிப் படரவிட்டு, கம்பி வளையத்தால் தூக்கியெடுத்த மெல்லிய ஏட்டை இறக்கைமேல் போர்த்தினார்கள். இப்போது அவ்விடத்தை மெல்லிய பிளாஸ்டிக் ஏடு பிடித்துக்கொண்டது. வசதிதான், ஆனால் அந்தப் பழைய ஏட்டின் வானவில் நிறத்துக்கு ஈடில்லை.

ரப்பரை விமானத்தில் மாட்டியபடியே முறுக்குவதில்லை. ஆயிரம் சுற்றுகளுக்கு மேல் ஏற்றும்போது அறுந்தால் உடல் சிதறிவிடும் என்பதால், தனியே முறுக்கிய பின்னரே பொருத்துகிறார்கள். தொடக்கத்தில் மிகுந்தும், பின்னர் தளர்ந்தும் வரும் அதன் விசையைச் சமன்செய்ய, சாய்வு தானே மாறும் புரொப்பெல்லரை அமைக்கிறார்கள். கண்ணால் எண்ணிவிடலாம் போல அத்தனை மந்தமாகச் சுழல்வது அது.

முன்பு 0.6 கிராம் ரப்பர் அனுமதிக்கப்பட்டிருந்தது. அதைக் குறைத்தது நியாயமே என்பது என் அபிப்பிராயம். எரிபொருள் தாராளமாயிருந்தால் கவனக்குறைவும் மன்னிக்கப்பட்டுவிடும்.

எஃப்1டி விமானம் தொடக்கக்காரர்க்கு உரியதன்று. ஆனால், நான்கைந்து கிராமில் எளிய விமானமொன்றைப் பால்சாக் குச்சியாலும் மெல்லிய பிளாஸ்டிக் தாளாலும் எவரும் கட்டலாம். பள்ளி மண்டபத்தின் கதவுகளைச் சாத்தி, மின்விசிறிகளை நிறுத்திப் பறக்கவிடுங்கள். ஒரு நிமிடம் பறந்தால், முதல் முயற்சிக்கு அது போதும்.