கன்றுக்கு முதல் ஆறு மணி நேரம்

நாமக்கல் பக்கம் தோட்டத்தில் மாடு கன்று போட்டால், நஞ்சுக்கொடி விழுந்ததா என்றுதான் பலரும் முதலில் பார்ப்பார்கள். விழுந்ததை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டிவிட்டு வந்துதான் கன்றைக் காம்பில் விடுவது. அதுவரை அது தாயின் காலிடுக்கில் முட்டி முட்டித் தேடிக்கொண்டிருக்கும். கொடி விழ எட்டு மணி நேரம்கூட ஆகலாம். 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிற ஊர்ப்பக்கம் இது!

மனிதக் குழந்தை கருவிலேயே தாயின் நோய் எதிர்ப்புப் புரதங்களில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு பிறக்கிறது. மாட்டிலும் ஆட்டிலும் நஞ்சுக்கொடி அவற்றைக் கடத்துவதில்லை. கன்று வெறுங்கையோடுதான் வருகிறது. அதற்கான பங்கு முழுக்க சீம்பாலில் இருக்கிறது. நல்ல சீம்பாலில் லிட்டருக்கு 50 கிராமுக்கு மேல் இம்யூனோகுளோபுலின் உண்டு. வெல்லமும் ஏலக்காயும் போட்டு இட்லிப் பானையில் வைத்தால், உறை ஊற்றாமலே கட்டியாகிறதே, அது பெரும்பாலும் இந்தப் புரதங்களின் வேலை: சூட்டில் உருக்குலைந்து ஒன்றோடொன்று பிணைந்துகொள்கின்றன. பால் சங்கத்தில் சீம்பாலை ஊற்றக் கூடாது என்பதும் இதனால்தான். காய்ச்சினால் கேனோடு திரிந்துவிடும்.

தாய்ப்பால் வழியாக எதிர்ப்புச் சக்தி போகிறது என்று 1892-லேயே காட்டியவர் ஜெர்மானியர் பால் எர்லிக். குன்றிமணியில் இருக்கும் அப்ரின் போன்ற நஞ்சுகளுக்குப் பழக்கிய சுண்டெலியிடம் வேறொரு தாயின் குட்டிகளைப் பால் குடிக்க விட்டார். அந்தக் குட்டிகளும் நஞ்சைத் தாங்கின.

பிறந்த கன்றின் குடல் இந்தப் பெரிய புரதங்களை உடைக்காமல் அப்படியே ரத்தத்துக்குள் விடும். முதல் ஆறு மணி நேரம் நன்றாக விடும். பிறகு குறைந்துகொண்டே வந்து, 24 மணி நேரத்தில் அடைத்துக்கொள்ளும். அதற்குப் பின் குடித்தால் சத்து உண்டு, ரத்தத்துக்குக் காவல் சேராது. முப்பது கிலோ கன்றுக்கு முதல் நாளில் மூன்று லிட்டராவது வேண்டும். அதில் பாதி, பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள். கன்று ஊட்டும்போது சுரக்கும் ஆக்ஸிடோசின் கருப்பையைச் சுருங்கவைத்து, கொடி விழவும் உதவுகிறது. ஆக, காத்திருப்பதில் தாய்க்கும் லாபமில்லை.

சேலம் கருப்பு ஆடு இரண்டு குட்டி போட்டால் வலுத்தது முந்திக்கொள்ளும். நோஞ்சானை நாம்தான் பிடித்துக் காம்பில் வைக்க வேண்டும். மிஞ்சும் சீம்பாலை ஃப்ரீசரில் வைத்துக்கொண்டால் தாயில்லாக் குட்டிக்கு ஆகும். கைச்சூடு தாங்குகிற வெந்நீரில் பாத்திரத்தோடு வைத்து உருக்கலாம். அடுப்பில் ஏற்றினால் அது நமக்குத்தான் பலகாரம்.