தூக்கத் தெரியும், இறக்கத் தெரியுமா?

கரும்பு வெட்டு நடக்கும் மாதங்களில் கருவேப்பிலங்குறிச்சி பக்கம் போனால் வீலிங்கை இலவசமாகப் பார்க்கலாம். பைக்கில் அல்ல, டிராக்டரில். சேத்தியாத்தோப்பு எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குப் போகும் லோடு. டிரெய்லரில் அளவுக்கு மீறி ஏற்றிக்கொண்டு, வயல் பாதையிலிருந்து தார்ச்சாலை மேட்டுக்கு ஏறும்போது டிராக்டரின் முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டுக் கிளம்பும். டிரைவர் அசர மாட்டார். கால் கிளட்சுக்குப் போகும், எழுந்த மூக்கு பொத்தென்று இறங்கும். முன்பக்கத்தில் இரண்டு பேரை ஏறி உட்காரச் சொல்லிவிட்டு மறுபடியும் ஏற்றுவார். (அந்த இரண்டு பேர் விழுந்தால் என்ன ஆகும் என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.) கிளட்சை மிதிக்க ஒரு நொடி தாமதமானால் டிராக்டர் பின்பக்கமாக மல்லாந்து டிரைவர் மேலேயே விழும் என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் மேடு ஏறும்போதே அவர் கால் கிளட்ச் மேல் தயாராக இருக்கிறது.

இதே விருத்தாசலம்–ஜெயங்கொண்டம் சாலை மாதிரி நீளமான சாலை எங்கே கிடைத்தாலும், மாலை நேரத்தில் இரண்டு பையன்கள் ஒரு பைக்கோடு வந்துவிடுகிறார்கள். ஒருவன் செல்போனைப் பிடித்துக்கொண்டு சாலையோரம் நிற்பான். "மாப்ள, இப்ப தூக்குடா!" வண்டி உறுமும், முன்சக்கரம் எழும். அந்த வீடியோவை நிறுத்திப் பையனின் வலது காலைப் பாருங்கள். பெரும்பாலும் அது பின் பிரேக் மிதியில் இருக்காது. ஃபுட்ரெஸ்ட்டில் குதிகால் ஊன்றியிருக்கும், அல்லது காற்றில் தொங்கும். தூக்குவதற்குப் பழகியவன் இறக்குவதற்கான உறுப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறான்.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சை எடுத்தால் 2023 செப்டம்பர் 17-ஐத் தாண்டிப் போக முடியாது. யூடியூபர் டி.டி.எஃப். வாசன் காஞ்சிபுரம் அருகே தாமல் பகுதியில், சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் சுஸுகி ஹயபூசாவின் முன்சக்கரத்தைத் தூக்கியபோது நிலை தவறி விழுந்தார். வண்டி புரண்டு உருண்டது. கை எலும்பு முறிந்தது. இரண்டு நாளில் பாலுசெட்டி சத்திரம் போலீஸார் கைது செய்தார்கள். காஞ்சிபுரம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் 2033 அக்டோபர் வரை, பத்து ஆண்டுகளுக்கு, அவருடைய ஓட்டுநர் உரிமத்தை ரத்து செய்தது. சென்னை உயர்நீதிமன்றத்தில் முதலில் ஜாமீன் கிடைக்கவில்லை. பைக்கை எரித்துவிட்டு யூடியூப் சேனலை மூடிவிடலாம் என்ற பொருள்பட நீதிபதி சி.வி. கார்த்திகேயன் கடுமையாகச் சொன்னது எல்லா நாளிதழிலும் வந்தது.

என் மனதில் தங்கியது அந்த வாசகமல்ல. லட்சக்கணக்கில் விலையுள்ள பாதுகாப்பு உடை அணிந்திருந்ததால் அவர் பிழைத்தார், அவரைப் பார்த்துப் பழகும் பையன்களிடம் அந்த உடை இல்லை என்று அங்கே பேசப்பட்ட வாதம்தான். வீடியோவில் சாகசம் மட்டும் பகிரப்படுகிறது. உடை பகிரப்படுவதில்லை.

வாசன் சரியா, நீதிமன்றம் சரியா என்று டீக்கடையில் இரண்டு கட்சியாகப் பிரிந்து ஒரு மாதம் பேசினோம். அன்று அந்த வண்டி ஏன் புரண்டது என்பதை யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை. அதைக் கொஞ்சம் பேசிப் பார்க்கலாம்.

வண்டியும் ஓட்டுபவருமாகச் சேர்ந்த மொத்த எடையும் ஒரே புள்ளியில் குவிந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண ஸ்போர்ட்ஸ் பைக்கில் அந்தப் புள்ளி பின்சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்கு ஏறக்குறைய 65, 70 செ.மீ. முன்னால் இருக்கும். தரையிலிருந்து உயரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆக, முன்சக்கரம் இன்ஜின் பலத்தில் மட்டும் தானாக எழ வேண்டுமானால் ஒவ்வொரு நொடியும் வேகம் மணிக்கு 35 கி.மீ. அளவில் கூட வேண்டும். மூன்று நொடிக்குள் 100-ஐத் தொடும் வண்டிகளுக்கு அது முடியும். நம் ஊர்ப் பையன்கள் வைத்திருக்கும் 150 சி.சி. வண்டி 100-ஐத் தொடப் பத்து நொடிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. அதில் ஆக்சிலேட்டரை எவ்வளவு முறுக்கினாலும் சக்கரம் எழாது. அதனால் கிளட்சைப் பிடித்து இன்ஜினை அலற விட்டு, கிளட்சைப் பட்டென்று உதறி, அதே நேரம் ஹேண்டில்பாரை இழுத்துப் பின்னால் சாய்கிறார்கள். சின்ன வண்டி என்பதால் ஆபத்தும் சின்னது என்ற கணக்கு இங்கேதான் தப்பாகிறது. சின்ன வண்டியில்தான் எல்லாமே ஒரே உதறலில் நடக்கிறது. அளந்து அளந்து கொடுக்க இடமே இல்லை.

அடுத்த விஷயம் இன்னும் முக்கியமானது. சக்கரம் மேலே எழ எழ, அந்த எடைப்புள்ளி பின்னால் நகர்ந்து பின்சக்கரத்துக்கு மேலே வந்துகொண்டிருக்கும். முதலில் தூக்கத் தேவைப்பட்ட பலம் பாதி உயரத்தில் தேவையில்லை. ஆனால் பையன் அதே அளவு முறுக்கைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறான். ஆகவே எழுகிற வேகம் கூடிக்கொண்டே போகும். ஏறக்குறைய 45, 50 டிகிரியில் எடை நேராகப் பின்சக்கரத்தின் மேல் வந்து நிற்கும். ஸ்டன்ட் ரைடர்கள் 'பேலன்ஸ் பாயின்ட்' என்பது இதைத்தான். அதற்குக் கீழே இருந்தால் வண்டி தானாக இறங்கும். அதற்கு மேலே போனால் வண்டி தானாக மல்லாந்துவிடும். ஆக்சிலேட்டரை விட்டாலும் பெரிய பயன் இருக்காது.

அந்த இடத்தில் உதவக்கூடியது பின் பிரேக் ஒன்றுதான். பின்சக்கரத்தைப் பிடித்தால் தரை அதைப் பின்னோக்கித் தள்ளும், மேலே இருக்கும் உடல் முன்னோக்கிப் போகப் பார்க்கும், மூக்கு இறங்கும். லேசாகத் தொட்டால் லேசாக இறங்கும். தொடக் கால் அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கால் இல்லாதபோது என்ன நடக்கிறது என்பதை மணிக்கட்டளவில் பார்த்தால் புரியும். வண்டி நிமிர்கிறது. பையன் சீட்டில் பின்னால் வழுக்குகிறான். விழாமல் இருக்க ஹேண்டில்பாரை இறுகப் பிடிக்கிறான். உடல் பின்னால் போகப் போக, பிடித்த கை அப்படியே இருக்க, வலது மணிக்கட்டு கீழே மடங்குகிறது. ஆக்சிலேட்டர் இன்னும் திறக்கிறது. பயந்த கை வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று மூளை சொல்கிறது, கை கூட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு நொடிகூட ஆகாது.

ஆகவே மூடிய தளங்களில் முறையாகப் பழகுபவர்கள் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். சக்கரத்தைத் தூக்குவது முதல் பாடம் இல்லை. ஓடும் வண்டியில் பின் பிரேக்கை மட்டும் தொட்டு, எவ்வளவு மிதித்தால் எவ்வளவு பிடிக்கிறது என்பதைக் காலுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் முதல் பாடம். அப்புறம் முதல் கியரில், ஓட்டமும் நடையுமான வேகத்தில், ஒரு சாண் உயரம் எழுப்பி, எழுந்தவுடன் பிரேக்கைத் தொட்டு இறக்குகிறார்கள். வீடியோ எடுக்கத் தகுதியே இல்லாத உயரம். சலிக்கச் சலிக்க அதையேதான். மூக்கு எழுந்தால் கால் தானாக மிதிக்கும் என்ற நிலை வந்த பிறகுதான் உயரத்தைக் கூட்டுகிறார்கள்.

வண்டியும் வேறு. ஸ்டன்ட் பைக்கின் பின்பக்கம் ஓர் இரும்புக் கம்பிச் சட்டம் துருத்திக்கொண்டிருக்கும். 'டுவெல்வ் ஓ கிளாக் பார்' என்பார்கள். வண்டி நெட்டுக்குத்தாக நின்றால் இந்தக் கம்பி தரையில் உரசித் தாங்கும், மல்லாக்க விழ விடாது. பின் ஸ்ப்ராக்கெட் பெரிதாக மாற்றப்பட்டிருக்கும், குறைந்த வேகத்திலேயே இழுக்க. இன்ஜினைச் சுற்றிக் கூண்டு இருக்கும். இடது கையில் கிளட்சுக்குப் பக்கத்திலேயே பின் பிரேக்குக்கு இன்னொரு லீவர் வைத்திருப்பார்கள், கால் தவறினால் கை இருக்கட்டும் என்று. முழு முக ஹெல்மெட், முதுகுக் காப்பு, கணுக்கால் மூடிய பூட்ஸ், கையுறை எல்லாம் உண்டு. செருப்புக் காலோடு பழகுகிறவரை அங்கே உள்ளே விட மாட்டார்கள்.

உலகத்தில் பெரிய வீலி சாதனைகளை யார், எதில் செய்தார்கள் என்று பார்த்தால் ஹயபூசா ரசிகர்களுக்குச் சப்பென்று இருக்கும். 1991 மே மாதம் ஜப்பானில் யாசுயுகி குடோ 331 கி.மீ. தூரம் முன்சக்கரம் தரையில் படாமல் ஓட்டினார். அவருடைய வண்டி ஹோண்டா டி.எல்.எம். 220, ஒல்லியான டிரயல்ஸ் பைக். ஓடியது மூடிய சோதனைத் தடத்தில். 2016 செப்டம்பரில் இங்கிலாந்தின் டகி லாம்ப்கின் ஐல் ஆஃப் மேன் மலைப்பாதையை, சுமார் 60 கி.மீ., ஒரே வீலியில் சுற்றிவந்தார். அதுவும் டிரயல்ஸ் பைக். போக்குவரத்தை நிறுத்தி மூடிய சாலை. 1,340 சி.சி., 260 கிலோவுக்கு மேல் எடை, நீண்ட உடல்வாகு கொண்ட ஹயபூசா நேர்க்கோட்டில் பறக்கச் செய்யப்பட்ட வண்டி. ஒற்றைக் காலில் நிற்க அதைவிடப் பொருத்தமில்லாத வண்டியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இப்போது வரும் ஸ்போர்ட்ஸ் வண்டிகளில் வீலி ஆகாமல் தடுப்பதற்கே மின்னணு ஏற்பாடு இருக்கிறது. ஓசூரில் தயாராகும் டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.டி.ஆர். 310-லும் கூடுதல் விலைக்கு அது கிடைக்கிறது. மூக்கு எழுவதை உணரி கண்டுபிடித்து இன்ஜின் பலத்தைக் குறைக்கும். ரேஸில் முன்சக்கரம் எழுந்தால் நேரம்தான் வீண். வண்டி செய்பவர்கள் காசு வாங்கிக்கொண்டு தடுப்பதை, வாங்குபவர்கள் வீட்டுக்கு வந்ததும் அணைத்து வைக்கிறார்கள்.

பைக்குக்கு ஆகும் செலவை மெக்கானிக் கடையில் கேட்டுக்கொள்ளலாம். பொத்தென்று விழுந்து பழகிய வண்டியின் முன் ஃபோர்க்கில் பளபளப்பான குழாயைச் சுற்றி எண்ணெய் வளையம் ஒன்று தெரியும், அதில் செம்மண் அப்பியிருக்கும். விரலால் தொட்டால் பிசுக்கும். ஆயில் சீல் போய்விட்டது. அந்த எண்ணெய் வழிந்து டிஸ்க்கில் பட்டால் முன் பிரேக் பிடிக்காது. ஹேண்டில்பாரைத் திருப்பினால் நடுவில் ஒரு இடத்தில் 'கடக்' என்று நிற்கும். அது கோன்செட் பேரிங். இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது: வண்டி நிமிர்ந்தே ஓடும்போது சம்ப்பில் உள்ள ஆயில் எல்லாம் பின்னால் தேங்கிவிடும், பம்பு காற்றை உறிஞ்சும், இன்ஜின் எண்ணெயில்லாமல் சுற்றும். வாங்கிய ஆறே மாதத்தில் இன்ஜின் சத்தம் போடுகிறது என்று கம்பெனியைத் திட்டுகிறவர்களில் சிலருடைய செல்போனில் அதற்கான காரணம் வீடியோவாக இருக்கும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 184-இன்படி அபாயகரமாக ஓட்டினால் முதல் முறையே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வீட்டில் கவனிக்க வேண்டியது 2019-இல் சேர்ந்த 199-ஏ. ஓட்டியவனுக்குப் பதினெட்டு ஆகவில்லை என்றால், வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கோ, அவனுடைய பாதுகாவலருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விழலாம். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து. பையனுக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடையாது. நம் பக்கத்தில் முக்கால்வாசி வண்டி அப்பா பெயரில்தான் இருக்கிறது.

மாசி மகக் கூட்டத்திலும் புத்தாண்டு இரவிலும் போலீஸார் நின்று பிடிக்கிறார்கள், வண்டியை ஸ்டேஷனில் வைக்கிறார்கள். வேண்டியதுதான். இந்தச் சாலைகளில் அறுவடைக் காலத்தில் பாதித் தாரில் நெல் காயும், எள் காயும். இருட்டினால் பின்விளக்கு இல்லாத கரும்பு டிரெய்லர் நிற்கும். இங்கே ஒருவன் தன் உயிரை மட்டும் வைத்து விளையாட முடியாது. ஆனால் பிடிபட்ட பையன் "அப்ப எங்க சார் போய் ஓட்டுறது?" என்று கேட்டால் அவனுக்குச் சொல்ல ஓர் இடம் வேண்டுமே. சென்னை அருகே இருக்கும் இருங்காட்டுக்கோட்டைத் தடம் இங்கிருந்து சுமார் 200 கி.மீ. கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அதைவிடத் தூரம். இரண்டும் ரேஸ் தடங்கள். அங்கே போய்த் திரும்பும் பெட்ரோல் காசே கூலி வேலை பார்க்கும் வீட்டுக்கு ஒரு வாரச் செலவு.

இருங்காட்டுக்கோட்டை 1990-இல்தான் வந்தது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதற்கு முன் பல ஆண்டுகள் ரேஸ் நடத்தியது சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர் சமயத்தில் போடப்பட்டுப் பயன்படாமல் கிடந்த விமான ஓடுதளத்தில். நாட்டின் பெயர்பெற்ற ரேஸ் ஓட்டிகள் பலர் அந்தப் பழைய கான்கிரீட்டில் பழகியவர்கள்தான்.

அதே போர்க்கால ஓடுதளம் ஒன்று உளுந்தூர்பேட்டையில் கிடக்கிறது. விருத்தாசலத்திலிருந்து 25 கி.மீ. போல. விமான நிலையம் ஆக்கலாம் என்ற பேச்சு அவ்வப்போது எழுந்து அடங்குகிறது. விமானம் வரும்வரை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் ஒரு பகுதியை வேலியடைத்து, காவல்துறையும் போக்குவரத்து அலுவலகமும் மேற்பார்வை பார்க்க, பின் பிரேக்கிலிருந்து தொடங்கிச் சொல்லித்தர ஓர் ஆளை வைக்கலாம். ஒரு ஆம்புலன்ஸ் வேண்டும், வாடகைக்கு நாலு செட் ஹெல்மெட்டும் முதுகுக் காப்பும் வேண்டும், பின்னால் கம்பி வைத்த பழைய வண்டி இரண்டு வேண்டும். ஓரத்தில் அடுக்க வைக்கோல் கட்டு வேண்டும். அது கருவேப்பிலங்குறிச்சியிலிருந்தே டிராக்டரில் போய்விடும், அளவாக ஏற்றினால்.