இட்லிக்காரரின் இருமல்

மும்பை தாராவியில் பல வீடுகளில் விடிகாலை மூன்று மணிக்கே அடுப்பு எரியத் தொடங்கிவிடும். இட்லியை அவித்து இறக்கி, அலுமினியப் பாத்திரத்தில் அடுக்கி, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு ஆறு மணிக்குள் கிளம்பியாக வேண்டும். விற்றுவிட்டுத் திரும்பினால் மதியம். சயான் ஆஸ்பத்திரி பக்கத்தில்தான் இருக்கிறது. பத்து ரூபாய்க்குக் கேஸ் பேப்பர் என்னும் பதிவுச்சீட்டு எடுத்தால் பெரிய டாக்டரையே பார்க்கலாம். ஆனால் கேஸ் பேப்பருக்கு வரிசை கட்டும் காலை நேரத்தில், நம் இட்லிக்காரர் ஏதோ ஒரு கட்டடத்தின் கீழே நின்று 'பாம் பாம்' என்று ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார். மூன்று வாரமாக இருமல். ஒரு நாள் விற்கப் போகாவிட்டால் ஆட்டிய மாவு வீண். ஆகவே இரவில் தெருமுனை கிளினிக்குக்குப் போகிறார்.

ஏழைக்கு வைத்தியம் எட்டாமல் போவது தூரத்தால் என்று கிராமத்தை வைத்தே பேசிப் பழகிவிட்டோம். மும்பையில் எட்டாமல் போவது நேரம்.

சரி, தெருமுனை கிளினிக்கில் என்ன நடக்கிறது? இதை அறிய ஆய்வாளர்கள் ஒரு நாடகமே போட்டார்கள். காசநோய் அறிகுறிகளைச் சொல்லப் பயிற்சி பெற்ற 24 பேர், மும்பையிலும் பாட்னாவிலும் சுமார் 1,200 தனியார் மருத்துவ இடங்களுக்கு நோயாளிகளாகப் போனார்கள். உட்கார்ந்து, ஒப்பித்த கதையைச் சொல்லி, எழுதிக் கொடுத்த சீட்டோடு வந்தார்கள். முடிவு 2018-இல் 'பிளாஸ் மெடிசின்' இதழில் வெளியானது. சரியாகக் கையாளப்பட்டவை நூற்றுக்கு 35 சந்திப்புகள்தான். எம்.பி.பி.எஸ். படித்தவர்கள் மற்றவர்களைவிடத் தேவலை. சளிப் பரிசோதனைக்கு அனுப்பாமல் சிலவகை ஆன்ட்டிபயாடிக்கோ ஸ்டீராய்டோ கொடுத்தால், இருமல் கொஞ்ச நாள் அடங்கும். கிருமி உள்ளே இருக்கும். வீட்டில் உள்ளவர்களுக்கும் பரவும்.

அந்தத் தெருமுனை டாக்டரைத் திட்டுவது சுலபம். நூறு ரூபாய்க்குள் மருந்தும் சேர்த்துக் கொடுப்பவர் "எக்ஸ்ரே எடுத்து வா" என்றால், நோயாளி அடுத்த சந்துக்குப் போய்விடுவார். அது இருவருக்கும் தெரியும்.

தொற்று யாரை அதிகம் பிடிக்கிறது என்பதைக் கொரோனாவும் காட்டியது. 2020 ஜூலையில் மும்பையின் மாட்டுங்கா, செம்பூர், தஹிசர் வார்டுகளில் சுமார் 6,900 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். குடிசைப்பகுதிகளில் 57 சதவீதம் பேருக்குக் கொரோனா வந்துபோன தடயம் இருந்தது. மற்ற குடியிருப்புகளில் 16 சதவீதம். ஒரே வார்டு, ஒரே மழை! மாட்டுங்காவில் ஃபில்டர் காபி குடித்த கையோடு நடந்தே போய்ப் பார்த்துவிடக்கூடிய வித்தியாசம் இது. தொற்று பரவப் பொதுக் கழிப்பறையும் ஓர் அறையில் ஒரு குடும்பமும் போதுமே.

தாராவியில் அந்த ஆண்டு ஏப்ரல் 1-இல் முதல் நோயாளி தெரியவந்ததும், மாநகராட்சி யாரைத் தேடிப் போனது தெரியுமா? இதே தெருமுனை டாக்டர்களைத்தான். கவச உடை கொடுத்து அவர்களைச் சந்துகளுக்குள் அனுப்பியது. ஜனங்கள் முகம் தெரிந்தவருக்குத்தான் கதவைத் திறப்பார்கள். கொள்ளைநோயில் நினைவுக்கு வந்த அவர்களைக் காசநோய்க்கும் சேர்த்துக்கொண்டு, பரிசோதனை வசதியோடு இணைப்பதுதான் புத்திசாலித்தனம்.

2022 நவம்பரில் மாநகராட்சி தொடங்கிய 'ஆப்லா தவாகானா' கிளினிக்குகள் இரவு பத்து மணி வரை திறந்திருக்கும் என்ற ஏற்பாட்டோடு வந்தன. 147 பரிசோதனைகள் இலவசம் என்பதைவிட, அந்தப் பத்து மணிதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், சிரப் வாங்கிக் கொடுத்து அனுப்பாதீர்கள். சளிப் பரிசோதனை கேட்கச் சொல்லுங்கள். அரசு மையங்களில் சோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். காசநோய் என்று பதிவானால் சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும்.