பெருங்குடலின் பசி

1960களின் கடைசியில், ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் இருந்த ஏராளமான மிஷன் மருத்துவமனைகளுக்கு லண்டனிலிருந்து மாதந்தோறும் ஒரு கேள்வித்தாள் வந்துகொண்டிருந்தது. குடல்வால் அழற்சியோடு எத்தனை பேர் வந்தார்கள்? பித்தப்பைக் கல் எத்தனை பேருக்கு? பெருங்குடல் புற்றுநோய் யாருக்காவது இருந்ததா? கேட்டவர் டெனிஸ் பர்கிட் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர். அயர்லாந்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே ஒரு கண்ணை இழந்தவர். உகாண்டாவில் பணியாற்றியபோது, குழந்தைகளின் தாடையைத் தாக்கும் புற்றுநோய் ஒன்றை 1958இல் விவரித்தார். அந்த நோய் இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது.

அந்தப் புகழே ஒருவருக்குப் போதும். ஆனால் பர்கிட்டை வேறொரு புதிர் பிடித்துக்கொண்டது. இங்கிலாந்தின் மருத்துவமனைப் படுக்கைகளை நிறைத்திருந்த குடல்வால் அழற்சி, மூலம், பெருங்குடல் புற்றுநோய் போன்றவை ஆப்பிரிக்கக் கிராமங்களில் அபூர்வமாக இருந்தன. திரும்பி வந்த கேள்வித்தாள்களும் அதையே சொல்லின. பிரிட்டிஷ் கடற்படை மருத்துவரான பீட்டர் கிளீவ், இந்த நோய்களுக்கெல்லாம் வெள்ளைச் சர்க்கரையும் வெள்ளை மாவும்தான் காரணம் என்று ஏற்கெனவே வாதிட்டுவந்தார். தானியத்தைத் தீட்டியபின் மிஞ்சுவதைக் கிளீவ் குற்றஞ்சாட்டினார். பர்கிட்டின் பார்வையோ, தீட்டும்போது வெளியே போகும் நார்ச்சத்தின்மேல் விழுந்தது.

அதற்கு ஆதாரம் தேட அவர் தேர்ந்தெடுத்த வழி பலரை முகஞ்சுளிக்க வைத்தது. எக்ஸ்ரேயில் தெரியும் சிறு மணிகளை விழுங்குமாறு ஆட்களிடம் சொல்லி, அவை எத்தனை மணி நேரத்தில் வெளியேறுகின்றன என்று பார்த்தார். மலத்தை எடையும் போட்டார். அலெக் வாக்கர், நீல் பெயின்ட்டர் ஆகியோருடன் சேர்ந்து 1972இல் ‘லான்செட்’ இதழில் முடிவுகளை வெளியிட்டார். உகாண்டா கிராமத்தாருக்கு உணவு உடலைக் கடக்க ஏறத்தாழ 36 மணி நேரம் ஆனது. ஒரு நாளில் அவர்கள் கழித்த மலம் சராசரியாக 470 கிராம். பிரிட்டிஷ் கடற்படையினருக்கும் அவர்கள் மனைவியருக்கும் 83 மணி நேரம். எடை வெறும் 104 கிராம். அதே அட்டவணையில் தென்னிந்தியச் செவிலியரும் இடம்பெற்றிருந்தார்கள்: 44 மணி நேரம், 155 கிராம். இரு துருவங்களுக்கு நடுவே, ஆனால் எடையில் இங்கிலாந்துக்கே நெருக்கமாக.

அதுவரை நார்ச்சத்தை மருத்துவ உலகம் சக்கையாகத்தான் கருதியது. மனிதச் சிறுகுடலில் சுரக்கும் நொதிகளால் அதை உடைக்க முடியாது. உடைக்க முடியாததால் சத்தும் கிடையாது என்பது கணக்கு. இந்தக் கணக்கில் விடுபட்டுப் போனது பெருங்குடல்.

அங்கே கோடானுகோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. நம்மிடம் இல்லாத நொதிகள் அவற்றிடம் இருக்கின்றன. சிறுகுடல் கைவிட்ட நாரை அவை நொதிக்கவைத்துச் சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அவற்றில் முக்கியமானது பியூட்டிரேட். பெருங்குடலின் உட்சுவர் செல்கள் தங்களுக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பகுதியை இதிலிருந்துதான் பெறுகின்றன. இரத்தத்தின் வழியாகக் கிடைக்கும் குளுக்கோஸைவிட இதையே அவை விரும்புகின்றன. அழற்சியைத் தணிப்பதிலும் பியூட்டிரேட்டுக்குப் பங்குண்டு.

இந்த பாக்டீரியாக்களைப் பட்டினி போட்டால் என்ன ஆகும்? 2016இல் ‘செல்’ இதழில் வந்த ஆய்வு ஒன்று எலிகளில் இதைச் சோதித்தது. மனிதக் குடல் பாக்டீரியாக்கள் குடியேற்றப்பட்ட எலிகளுக்கு நாரில்லாத உணவு தரப்பட்டது. உண்ண நார் கிடைக்காத நுண்ணுயிரிகள், குடல் சுவருக்குக் காவலாக இருக்கும் சளிப்படலத்தையே தின்னத் தொடங்கின. படலம் மெலிந்தது, நோய்க்கிருமி சுவரை நெருங்குவது எளிதானது. எலியில் நடப்பதெல்லாம் மனிதரிலும் அப்படியே நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் சக்கை என்ற பழைய எண்ணத்துக்கு இதற்குமேல் இடமில்லை.

மனிதர்களிடமே செய்யப்பட்ட இன்னொரு சோதனையின் முடிவு 2015இல் வெளியானது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த 20 ஆப்பிரிக்க அமெரிக்கர்களும், தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் கிராமப்புறத்தினர் 20 பேரும் இரண்டு வாரங்களுக்குத் தங்கள் உணவை மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்கர்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 55 கிராம் நார். ஆப்பிரிக்கர்களுக்குக் கொழுப்பு மிகுந்த, வெறும் 12 கிராம் நார் கொண்ட உணவு. அமெரிக்கர்களின் குடலில் பியூட்டிரேட் இரண்டரை மடங்கானது. ஆப்பிரிக்கர்களிடம் அது பாதியாகக் குறைந்தது. குடல் சுவரில் புற்றுநோய் அபாயத்தோடு தொடர்புடைய அறிகுறிகளும் இரு தரப்பிலும் இடம் மாறின. இரண்டே வாரத்தில்!

நார் வேறு வழிகளிலும் வேலை செய்கிறது. ஓட்ஸ், பருப்பு, வெண்டைக்காய் போன்றவற்றில் உள்ள கரையும் நார் குடலில் கூழாகித் திரள்கிறது. சர்க்கரை இரத்தத்தில் கலக்கும் வேகம் தணிகிறது. பித்த அமிலங்களையும் அது பிடித்து வெளியேற்றுவதால், புதிதாகப் பித்த அமிலம் தயாரிக்கக் கல்லீரல் இரத்தத்தின் கொலஸ்ட்ராலை எடுத்தாக வேண்டியிருக்கிறது. கோதுமைத் தவிட்டின் கரையாத நாரோ மலத்துக்குப் பருமன் தந்து மலச்சிக்கலைத் தவிர்க்கிறது.

பர்கிட் சொன்னதெல்லாம் நிலைத்துவிடவில்லை. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அவர் பேச்சுக்குப் பிறகு தவிட்டுப் பொட்டலங்கள் பரபரப்பாக விற்றன. ஆனால் 2000இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள் ஏமாற்றம் தந்தன. ஓர் ஆய்வில், பெருங்குடலில் கட்டி அகற்றப்பட்டவர்களில் ஒரு பிரிவினருக்குக் கோதுமைத் தவிடு தரப்பட்டது. மற்றோர் ஆய்வில் நார் மிகுந்த, கொழுப்பு குறைந்த உணவு. சில ஆண்டுகளில் கட்டி மீண்டும் முளைப்பதை இரண்டுமே தடுக்கவில்லை. சில ஆண்டுச் சோதனை, வாழ்நாள் பழக்கத்துக்கு ஈடாகுமா என்ற கேள்வி அப்போதே எழுந்தது, நியாயமான கேள்விதான்.

உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில் நடந்து, 2019இல் ‘லான்செட்’டில் வந்த தொகுப்பாய்வு விஷயத்தைப் பெரிதும் தெளிவாக்கியது. நீண்டகாலம் மக்களைத் தொடர்ந்த 185 ஆய்வுகளும் 58 மருத்துவச் சோதனைகளும் ஒன்றாக அலசப்பட்டன. நாரை மிகக் குறைவாக உண்பவர்களைவிட மிக அதிகமாக உண்பவர்களிடம் மரணம், இதயநோய், பக்கவாதம், இரண்டாம் வகைச் சர்க்கரை நோய், பெருங்குடல் புற்றுநோய் ஆகியவை 15 முதல் 30 விழுக்காடு வரை குறைவாக இருந்தன. நாளொன்றுக்கு 25 முதல் 29 கிராம் என்ற அளவில் பலன் தெளிவாகத் தெரிந்தது. பெரியவர்களுக்குக் குறைந்தது 25 கிராம், அதுவும் உணவில் இயல்பாக உள்ள நார் என்று 2023இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ‘இயல்பாக’ என்பதில் பொருள் இருக்கிறது. மைதா பிஸ்கட்டில் பொடி நாரைத் தூவி ‘ஃபைபர்’ என்று அச்சிட்டு விற்பது இந்தப் பரிந்துரைக்குள் வராது.

நம் தட்டுக்கு வருவோம். சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் 2009இல் வெளியிட்ட ஆய்வில், நகரவாசிகள் உண்ணும் கலோரியில் கிட்டத்தட்டப் பாதி தீட்டப்பட்ட தானியத்திலிருந்து வந்தது; அதில் பெரும்பகுதி வெள்ளை அரிசி. அதே நிறுவனம் உடல் எடை கூடிய சிலருக்கு ஐந்து நாட்கள் வெள்ளை அரிசியும் ஐந்து நாட்கள் தீட்டாத அரிசியும் தந்து பார்த்தது. தீட்டாத அரிசி உண்ட நாட்களில் இரத்தச் சர்க்கரையின் ஏற்றம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது.

ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவன அட்டவணைப்படி 100 கிராம் வெள்ளை அரிசியில் 2.8 கிராம் நார்தான் உண்டு. மூன்று வேளையும் சோறும் இட்லியும் தோசையுமாக 300 கிராம் அரிசி உண்டாலும் அரிசியிலிருந்து 9 கிராம்கூடத் தேறாது. கேழ்வரகிலும் கம்பிலும் இது 11 கிராமுக்கு மேல். தோலோடு கூடிய கொண்டைக்கடலையில் 25 கிராம். கொய்யாவில் 8 கிராமுக்கு மேல். ஒரு கிண்ணம் சுண்டலும் ஒரு கொய்யாப்பழமும் அன்றைய தேவையில் பாதிக்கு மேல் நிரப்பிவிடும். இவை எதுவும் விலையுயர்ந்த பொருள் அல்ல. நம் பாட்டிமார் சமைத்தவை, இன்றும் எந்தத் தெருமுனைக் கடையிலும் கிடைப்பவை. அப்படியிருந்தும் பழத்தைச் சாறாக்கி வடிகட்டிச் சக்கையைக் கொட்டுகிறோம். சாம்பாரில் காய்த்துண்டைத் தேட வேண்டியிருக்கிறது.

ஒரே நாளில் மாற்ற வேண்டாம். திடீரெனக் கூட்டினால் வயிறு உப்பும், வாயு தொல்லை தரும். குடல் பாக்டீரியாக்கள் பழகச் சில வாரங்கள் ஆகும். ஒரு வேளைச் சோற்றைச் சற்றுக் குறைத்துப் பொரியலையும் கூட்டையும் அதிகமாக்குங்கள். வாரத்தில் இரண்டு நாள் கேழ்வரகோ கம்போ சமையுங்கள். மாலையில் சுண்டல் வையுங்கள். தண்ணீரைக் குறைக்காதீர்கள், நீர் போதாமல் நாரை மட்டும் கூட்டினால் மலச்சிக்கல் அதிகமாகும். குடல் சுருக்கம் உள்ளவர்களும் குடலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் மட்டும் முதலில் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.