‘இலண்டன்’ என்னும் சொல்லும் தமிழ் ஒலியனும்

மொழியொலிகளை இரு நிலைகளில் ஆராயலாம். ஓர் ஒலி வாயில் எவ்விடத்தில், எம்முயற்சியால் பிறக்கிறது என்பதை விளக்குவது ஒலியியல். அவ்வொலி ஒரு மொழியில் பொருளை வேறுபடுத்துகிறதா, சொல்லில் எவ்வெவ்விடத்தில் வரும் என்பதை விளக்குவது ஒலியனியல். தொல்காப்பியத்தின் பிறப்பியல் முன்னதற்கும், மொழிமரபு பின்னதற்கும் அண்மையானவை. இலண்டனில் பிறந்து வளரும் குழந்தைகளுக்குத் தமிழ் கற்பிப்போர் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

தமிழ் ஒலிகள் இந்நகரில் முன்பே ஆராயப்பட்டவை. யூனிவர்சிட்டி கல்லூரியில் டேனியல் ஜோன்ஸ் வளர்த்த ஒலியியல் துறையில் பணியாற்றிய ஜே. ஆர். ஃபர்த், ஆர்டனின் தமிழ் இலக்கண நூலுக்குப் பின்னிணைப்பாகத் தமிழ் உச்சரிப்புச் சுருக்கம் ஒன்றை 1934இல் எழுதினார். 1944இல் அவர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் கீழைத்தேய, ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளியில் பொது மொழியியற் பேராசிரியரானார்.

நகரின் பெயரையே சான்றாகக் கொள்ளலாம். ஆங்கிலேயர் அதனைச் சொல்லும்போது, இடையிலுள்ள மூக்கொலியும் வெடிப்பொலியும் நாநுனி நுனியண்ணத்தைத் தொடுவதால் பிறக்கின்றன. தமிழர் அவற்றை வளைநா ஒலிகளாக ஏற்று ‘ண்ட’ என எழுதுகின்றனர். மெல்லெழுத்தை அடுத்த டகரம் தானே ஒலிப்புடையதாகிவிடுவதால் அதற்குத் தனியெழுத்து வேண்டியதில்லை. லகரம் மொழிமுதலாகாது என்னும் மரபால் இகரம் முன்வந்து ‘இலண்டன்’ ஆகிறது. வந்த சொல் ஆங்கிலமாயினும் அதனை ஏற்ற ஒழுங்கு தமிழுடையது.

காய், சங்கு, பகல் ஆகிய சொற்களில் ககரம் மூவகையாக ஒலிக்கிறது. எனினும் ஓரிடத்தில் வரும் ஒலி மற்றோரிடத்தில் வருவதில்லை. ஆகவே இவை ஓர் ஒலியனின் மாற்றொலிகள். இதனைத் துணைநிலை வழக்கு என்பர். ஆங்கிலத்திலோ மேலங்கியைக் குறிக்கும் ‘கோட்’ என்னும் சொல்லையும் ஆட்டைக் குறிக்கும் சொல்லையும் பிரிப்பது முதலொலியின் ஒலிப்பு ஒன்றே. ஆங்கிலத்திற் பழகிய குழந்தை, ‘ஓரெழுத்துக்கு ஏன் இத்தனை ஒலிகள்?’ என வினவுவது இயல்பே. எழுத்துக் குறையுடையது என்பது அதற்கு விடையன்று. தமிழ் நெடுங்கணக்கு ஒலியன்களை எழுதுகிறது என்பதே விடை.

லகரத்தில் நிலைமை தலைகீழாகிறது. வால், வாள், வாழ் என்பவை ஈற்றொலி ஒன்றினாலேயே பொருள் வேறுபடுகின்றன. எனவே ல், ள், ழ் மூன்றும் தனித்தனி ஒலியன்கள். ஆங்கிலத்தில் லகரம் ஒன்றே. அதுவும் இலண்டன் பேச்சில் சொல்லிறுதியில் பெரும்பாலும் உயிரொலி போலத் தேய்கிறது. ஆதலின் குழந்தைகள் இடர்ப்படுவது சோம்பலால் அன்று. அவர்களது செவி அவ்விடத்தில் வேறுபாடு தேடப் பழகவில்லை. இம்மூன்று சொற்களையும் அடுத்தடுத்துக் கேட்பித்துப் பொருளைச் சுட்டச் செய்வது, நாவைத் திருத்துமுன் செவியைத் திருத்தும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. ஆங்கிலத்தின் நுனியண்ண வெடிப்பொலியைத் தமிழகத்தார் டகரமாகக் கொண்டு ‘இன்டர்நெட்’ என்றும், ஈழத்தவர் றகர ரகரங்களால் ‘இன்ரநெற்’ என்றும் எழுதுகின்றனர். யாழ்ப்பாண வழக்கில் றகரத்திற்கு வெடிப்பொலி நிலைத்திருப்பதே இதற்குக் காரணம். இருவழக்கினரின் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் அமரும் இலண்டன் தமிழ்ப் பள்ளிகளில் இவற்றுள் ஒன்றைப் பிழையெனச் சிவப்பு மையால் அடித்தல் தகாது. இரண்டும் தத்தம் ஒலியன் ஒழுங்கிற்கு உண்மையானவை. அதனை உணர்ந்த ஆசிரியர் பிழையையும் வழக்கையும் பிரித்தறிவார். வீட்டில் பேசும் தமிழும் தமிழே என்னும் துணிவு மாணவர்க்கு அவரால் வாய்க்கும்.