வேலியில் நிற்கும் பசளை

குண்டசாலைப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் பலா, கமுகு, கித்துள், கராம்பு, மிளகு எல்லாவற்றுக்கும் பெயருண்டு, விலையுண்டு. வேலியோரம் நிற்கும் கிளிரிசீடியாவை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. யாழ்ப்பாணத்தார் சீமைக்கிளுவை என்பது இதைத்தான். மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த மரம். மழைக்காலத்தில் ஒரு தடியை வெட்டி ஊன்றினாலே துளிர்த்துவிடும். மிளகுக்கொடியைத் தாங்கும், கொக்கோவுக்கு நிழல் தரும், ஆட்டுக்குத் தீனியாகும்.

இதன் உண்மையான வேலை மண்ணுக்குள் நடக்கிறது.

வேரை மெல்லத் தோண்டிப் பார்த்தால் சின்னச் சின்னச் சிறுகணுக்கள் ஒட்டியிருக்கும். நன்றாக வேலை செய்யும் கணு ஒன்றை நகத்தால் பிளந்தால் உள்ளே சிவப்புக் கொய்யாவின் சதை நிறம். அந்த நிறத்துக்குக் காரணம், நம் இரத்தத்திலுள்ள ஈமோகுளோபினுக்கு நெருங்கிய உறவான ஒரு புரதம். கணுவுக்குள் குடியிருக்கும் பற்றீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து மரத்துக்கு ஊட்டுகின்றன. அதற்கு அவை பயன்படுத்தும் நொதியம் ஒட்சிசன் பட்டால் செயலிழந்துவிடும். ஆனால் மூச்சுவிட அதே பற்றீரியாவுக்கு ஒட்சிசன் வேண்டும். இந்தச் சிவப்புப் புரதம் ஒட்சிசனைப் பிடித்துவைத்து, அளந்து அளந்து கொடுக்கிறது. இரத்தமே இல்லாத மரம் இரத்தத்தின் வித்தையைக் கையாள்வது எத்தனை அதிசயம்! கணுவின் உட்புறம் வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் அங்கே வேலை நடக்கவில்லை.

கிளையை வெட்டும்போது நிலத்தடியில் வேர்களிலும் கணுக்களிலும் ஒரு பகுதி மடிந்து மண்ணோடு கலக்கிறது. வெட்டிய இலையின் உலர் எடையில் மூன்று, நான்கு வீதம் நைதரசன். சில வாரங்களிலேயே மக்கிவிடும். ஆக, ஒரே வெட்டில் மேலும் கீழும் பசளை.

வெட்டும் காலம் முக்கியம். கண்டிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும். அதற்கு முன்பே பெரும்போகப் பாத்திகளில் இலையைப் பரப்பிவிட வேண்டும். கத்தரி, மிளகாய்க் கன்றின் தண்டைத் தொடாமல் சற்று இடைவெளி விடுவது நல்லது. இலை மூடாமல் சரிவில் வெறுமையாகக் கிடக்கும் மண்ணை ஒவ்வொரு மழைத்துளியும் பெயர்க்கிறது. அந்த மண் மகாவலியில் இறங்கி விக்டோரியா நீர்த்தேக்கத்தில் படிகிறது. கோப்பிக்காகக் காடழித்த காலத்திலிருந்தே மலைநாடு மேல்மண்ணை இழந்துவருகிறது. மண் பாதுகாப்புக்கென்று 1951இலேயே சட்டம் வந்தது. ஆனாலும் இன்று வேலியைப் பிடுங்கி மதில் கட்டுகிறோம், கூட்டிய சருகுக்குத் தீ வைக்கிறோம், பிறகு கடைக்குப் போய்ப் பசளை மூட்டை வாங்குகிறோம். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரென்று தடைப்பட்டபோது விவசாயிகள் பட்ட பாடு மறக்கக்கூடியதல்ல. இலைப்பசளை ஒரே இரவில் அந்த மூட்டைக்கு ஈடாகாது. பல போகங்கள் தொடர்ந்து இட்டால்தான் மண் தேறும். அதனால்தான் வேலியை இப்போதே காப்பாற்றச் சொல்வது.

பூச்சாடி வைத்திருப்பவர்களுக்கும் இந்த இலை உதவும், ஆனால் பச்சையாக அல்ல. கூட்டெருவாக்கி, தும்புத்தூளோடு கலந்து இட வேண்டும். சாடிக்குத் தண்ணீரிலும் கவனம் வேண்டும். மார்கழி, தையில் வானம் மூடிக் குளிரும் நாட்களில் அந்தூரியத்துக்குக் கோடைக்கு ஊற்றும் அளவு தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகும். சாடிக்குள் நீர் நிறைந்து நிற்பதால் வேருக்கு ஒட்சிசன் கிடைக்காமல் போவதே காரணம். விரலை உள்ளே விட்டுப் பார்த்து, ஈரம் தட்டினால் அன்று தண்ணீர் வேண்டாம்.