எந்த மாதம் வரட்டும், தாத்தா?

குழந்தைகளே, விடுமுறை என்றதும் "எங்கே போகலாம்?" என்றுதான் கேட்போம். "எப்போது போகலாம்?" என்று கேட்பவர்கள் குறைவு. அப்படிக் கேட்டாள் ஒரு சிறுமி.

தர்மபுரி மாவட்டம் ஏரியூரில், என் பக்கத்து வீட்டுப் பாட்டியின் பேத்தி அவள். நார்வே நாட்டின் தலைநகரான ஆஸ்லோவில் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். விமானக் கட்டணம் அதிகம் என்பதால், மூன்று ஆண்டுக்கு ஒரு முறைதான் ஊருக்கு வர முடியும்.

"தாத்தா, ஆயாவோட அம்மா பிறந்த ஊர்ப் பக்கம் தண்ணிக்குள்ளே ஒரு நந்தி இருக்காமே! நான் வந்தப்ப எல்லாம் அது தெரியவே இல்லையே. எந்த மாதம் வரட்டும்?" என்று தொலைபேசியில் கேட்டாள். எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்போம்.

அவளுடைய பள்ளி விடுமுறைகளையும் நம் காவிரியையும் அருகருகே வைத்துக் கணக்குப் போட்டோம். நீங்களும் பாருங்கள்.

கோடை விடுமுறை

நார்வேயில் ஜூன் மாதக் கடைசியில் தொடங்கி, ஆகஸ்ட் நடுவரை கோடை விடுமுறை. பூமியின் அச்சு 23.5 டிகிரி சாய்ந்திருப்பதால், அப்போது வடக்கே பகல் மிக நீளம். ஜூனில் ஆஸ்லோவில் விடியற்காலை 4 மணிக்கு உதிக்கும் சூரியன், இரவு பத்தே முக்காலுக்குத்தான் மறையும்!

இங்கே அது ஆடி மாதம். குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை கொட்டும். கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகள் நிரம்பினால், உபரி நீர் பிலிகுண்டுலு வழியாக ஒகேனக்கல்லுக்கு வரும். ஏரியூரில் ஒரு சொட்டு மழை இல்லாவிட்டாலும் ஆற்றில் வெள்ளம் புரளும். அப்போது குளிக்கவும் பரிசலில் போகவும் தடை விதிப்பார்கள். தடை என்றால் கரையில் நின்று பார்ப்பதே அறிவு. அந்த நீர் மேட்டூர் அணைக்குத்தான் போகிறது. அணை நிறைந்தால் நந்தி எப்படித் தெரியும்?

இலையுதிர்கால விடுமுறை

அக்டோபரை ஒட்டி ஒரு வாரம். முன்பு இதை 'உருளைக்கிழங்கு விடுமுறை' என்பார்களாம். பிள்ளைகள் வயலில் கிழங்கு தோண்ட உதவிய காலம் அது! இங்கும் உங்களுக்குக் காலாண்டு விடுமுறை. நிலக்கடலை பிடுங்கும் நாட்கள். ஆனால், வந்து போகவே இரண்டு, மூன்று நாள் கழிந்துவிடும்.

கிறிஸ்துமஸ் விடுமுறை

டிசம்பரில் ஆஸ்லோவில் சூரியன் காலை ஒன்பதேகாலுக்கு வந்து, மாலை மூன்றேகாலுக்குப் போய்விடும். வெறும் ஆறு மணி நேரப் பகல்! இருட்டில் வண்டி ஓட்டுபவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று, பிள்ளைகள் உடையில் ஒளிரும் பட்டை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போவார்கள். நமக்கோ அப்போதும் சுமார் பதினொன்றரை மணி நேரப் பகல். வெயில் தணிந்து, ஒகேனக்கல் பார்க்க இதமான காலம். ஆனால், அணையில் பெரும்பாலும் தண்ணீர் இருக்கும்.

ஈஸ்டர் விடுமுறை

மார்ச் அல்லது ஏப்ரலில் பத்து நாள். மேட்டூர் அணையை டெல்டா பாசனத்துக்காக வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து, ஜனவரி 28-ல் மூடுவார்கள். அதற்குள் நீர்மட்டம் இறங்கியிருக்கும். நன்றாக இறங்கிய ஆண்டுகளில், எங்கள் நாகமரைக்கு எதிர்க்கரையான பண்ணவாடியில், ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும், பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் நீருக்கு மேலே தலைகாட்டும்.

120 அடி உயர நீர் தேங்கும் இந்த அணை 1925 முதல் 1934 வரை கட்டப்பட்டது. அப்போது உள்ளே இருந்த ஊர்க்காரர்கள் வீடு, நிலம், கோயில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மேட்டுக்கு வந்தார்கள். ஆயாவின் அம்மாவும் அப்படி வந்த ஒரு சிறுமிதான்.

"அப்போ ஈஸ்டருக்கு வரேன் தாத்தா! நந்தி தெரியணும்னு சாமிகிட்ட வேண்டிக்கிறேன்" என்றாள் பேத்தி.

பக்கத்தில் இருந்த ஆயா தொலைபேசியை வாங்கினார். "அப்படி வேண்டாதே கண்ணு. நந்தி தெரிஞ்சா தண்ணி குறைஞ்சிடுச்சுன்னு அர்த்தம். தஞ்சாவூர்ப் பக்கம் நெல்லு நடறவங்க என்ன செய்வாங்க? நீ வா. தெரிஞ்சா பார்ப்போம். தெரியலைன்னா, அணை நிறைஞ்சிருக்குன்னு சந்தோஷப்படுவோம்" என்றார்.

எழுபது வயதை நெருங்கும் எனக்கும் அது புதுப் பாடம். எப்போது போகலாம் என்று நாம் திட்டமிடலாம். ஆறு எப்படி இருக்க வேண்டும் என்று நாம் சொல்ல முடியாது.

குழந்தைகளே, உங்கள் ஊர் ஏரி, ஆறு, மலை, கடல் எந்த மாதம் எப்படி இருக்கும்? ஒரு தாளில் பன்னிரண்டு கட்டம் போட்டு, வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு நிரப்புங்கள். வெளியூரிலிருந்து உறவினர் பிள்ளைகள் "எப்போது வரலாம்?" என்று கேட்டால், அந்தத் தாளைப் பார்த்தே பதில் சொல்லலாம்!